வெளிநாட்டு மிஷன் மருத்துவமனையில் செவிலியர் ஊழியம்: கட்டிலருகே விசுவாசத்தைப் பகிர்வது எதுவரை?

வார்டு விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் பணியாற்றிவரும் செவிலியர். கென்யாவின் மேற்குப் பகுதியில் ஒரு திருச்சபை நடத்தும் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்ய வருமாறு எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் கிடையாது. தங்குமிடத்தை அவர்கள் தருவார்கள். மற்றச் செலவுகளை என் சபையும் சில குடும்பங்களும் தாங்குவதாக வாக்களித்திருக்கிறார்கள். போவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆகவே போகலாமா வேண்டாமா என்பது என் கேள்வி அல்ல.

வார்டில் காலையில் நடக்கும் சிறு ஆராதனையைச் செவிலியர்கள் முறைவைத்து நடத்த வேண்டும் என்றும், நோயாளிகளின் ஆவிக்குரிய தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்றும் மருத்துவமனை அனுப்பிய பணி விவரத்தில் இருக்கிறது. அதற்கு என்ன பொருள், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் சபையோ, எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னேன் என்பதை மாதந்தோறும் எழுதி அனுப்பும்படி கேட்கிறது. வலியில் கிடக்கும் ஒருவரின் கட்டிலருகே நிற்கும்போது நான் என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் வெளிப்படையாக எழுத வேண்டுகிறேன். விசுவாசம் இல்லாதவர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன். என் வார்டில் அவர்களும் படுத்திருப்பார்கள்.

பழைய ஸ்டெத்

சகோதரிக்கு வாழ்த்துகள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மருத்துவனாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சுவிசேஷம் கேள்விப்படாத தேசத்துக்கு நீங்கள் போகவில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கென்யாவில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். உங்கள் வார்டில் தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கும் மூதாட்டி உங்களைவிட அதிகமான பாடல்களை மனப்பாடமாகப் பாடுவார். நீங்கள் ஊசி போட்டு முடித்ததும் உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று அவரே கேட்பார். சபை அனுப்பிவைத்த பெருமையோடு வந்திறங்கும் பலர் இந்த இடத்தில்தான் முதலில் திகைத்துப்போகிறார்கள். எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள் என்ற உங்கள் சபையின் கேள்வியே அந்த நாட்டைப் பற்றிய பழைய எண்ணத்தில் பிறந்தது.

உகாண்டாவில் 1897இல் மெங்கோ மருத்துவமனையைத் தொடங்கிய ஆல்பர்ட் குக்கின் காலம் வேறு. அவரோடு அதே பயணக் குழுவில் வந்த செவிலியர் கேதரின் டிம்சன், பின்னர் அவருடைய மனைவியாகி, அந்நாட்டுப் பெண்களுக்குப் பேறுகாலப் பயிற்சி கொடுப்பதில் தன் வாழ்நாளைச் செலவிட்டார். கென்யாவில் தென்வெக் மருத்துவமனைக்கு 1959இல் மருத்துவர் எர்னி ஸ்டூரி வந்தபோது அங்கே வேறு மருத்துவரே இல்லை. இன்று அப்படிப்பட்ட மருத்துவமனைகளில் மருத்துவர்கள், செவிலியர்கள், சிற்றாலயப் போதகர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் அந்நாட்டவர்களே. அவர்களுக்கு மக்களின் மொழி தெரியும், குடும்ப வழக்கங்கள் தெரியும், எந்த நேரத்தில் பேசக் கூடாது என்பதும் தெரியும். நீங்கள் அவர்களுக்குக் கீழே பணியாற்றப் போகும் விருந்தாளி. வார்டு ஆராதனையைத் தொடக்க மாதங்களில் நடத்த வேண்டாம். பின்வரிசையில் நின்று கவனியுங்கள். சுவாஹிலி கற்றுக்கொள்ளுங்கள், அந்த மேட்டு நிலத்து முதியவர்கள் பலருக்கு அதுவும் சரளமாக வராது, கிப்சிகிஸ் போன்ற தாய்மொழிதான் வரும் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

பணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிள் விபத்துகள், திறந்த அடுப்பில் விழுந்து வெந்துபோன குழந்தைகள், நாள் கடந்து வரும் பிரசவங்கள் ஆகியவற்றோடு, அந்தப் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் உங்கள் வார்டை நிரப்பும். தண்ணீர்கூட இறங்காத நிலையில்தான் பலர் வருவார்கள். அடைபட்ட இடத்தில் ஒரு குழாயைப் பொருத்தினால் அன்று மாலையே கஞ்சி குடிப்பார்கள். நோய் தீராது, ஆனால் மீதியுள்ள மாதங்களில் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட முடியும். விசுவாசத்தைப் பற்றி நான் பேசிய ஆழமான உரையாடல்கள் பெரும்பாலும் இந்த நோயாளிகளோடு நடந்தவை. அவற்றில் ஒன்றையாவது நான் தொடங்கியதாக நினைவில்லை.

கேள்விக்குறி

விசுவாசம் இல்லாதவர்களையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். என் தந்தைக்கு ஒரு மிஷன் மருத்துவமனையில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. செவிலியர்கள் காட்டிய பரிவை இன்றும் எங்கள் வீட்டில் பேசுகிறோம். அறுவை அரங்குக்குள் கொண்டுபோவதற்கு முன், மருத்துவர் அவரிடம், “உங்களுக்காக ஜெபிக்கலாமா?” என்று கேட்டார். அப்பா தலையசைத்தார். ஏன் மறுக்கவில்லை என்று பின்னொரு நாள் கேட்டேன். “கத்தி அவர் கையில் இருக்கும்போது வேண்டாம் என்று எப்படியப்பா சொல்வது?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த மருத்துவர் முறைப்படி அனுமதி கேட்டார். அவருடைய நோக்கத்திலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் பெறும் அனுமதியை அனுமதி என்று எப்படிக் கொள்வது? செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை நெறியில், உதவி என்பது அரசியல் அல்லது சமய நிலைப்பாடு எதையும் முன்னெடுக்கப் பயன்படக் கூடாது என்று இருக்கிறது. அதை முன்வைத்த அமைப்புகளில் கரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகிய கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு. அந்த நெறி பேரிடர் உதவிக்காக எழுதப்பட்டது என்பதை அறிவேன். ஆனால் பல மைல் நடந்து, ஆட்டை விற்று, கடன் வாங்கி வரும் ஒரு குடும்பத்துக்கு நோயைவிடப் பெரிய பேரிடர் எது?

விதைப்பவர்

சகோதரர் கேள்விக்குறியின் தந்தைக்கு நேர்ந்த சங்கடத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இந்த இழை போகும் திசை எனக்குக் கவலையளிக்கிறது. செவிலியர் வாய் திறக்காமல் இருப்பதே நாகரிகம் என்ற முடிவை நோக்கிப் போகிறோம்.

மனிதனை உடலாக மட்டும் பார்ப்பதும் ஒரு கொள்கைதான். அதில் நடுநிலை ஏதும் இல்லை. நோயாளியின் இரத்த அழுத்தத்தை ஆறு முறை அளந்து குறித்துக்கொண்டு, “உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?” என்று ஒரு முறைகூடக் கேட்காத மருத்துவமனை, பயம் என்பது பேசத் தகுந்த பொருளே அல்ல என்று அவருக்குப் போதித்துவிடுகிறது. ஆண்டவர் குணமாக்கவும் செய்தார், பிரசங்கிக்கவும் செய்தார். ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக வைக்கவில்லை, ஒன்றுக்காக மற்றொன்றை ஒளிக்கவும் இல்லை. அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்தவனைக் கைப்பிடித்துத் தூக்கிய பேதுரு யாருடைய நாமத்தினால் அதைச் செய்தார் என்பதை மறைக்கவில்லை. உயிர்காக்கும் மருந்து ஒன்று என்னிடம் இருப்பதாக நான் உண்மையாகவே நம்பினால், அதைப் பற்றி நோயாளியிடம் பேசாமல் இருப்பது மரியாதையாகுமா? சபை அனுப்புவதற்குக் காரணமே அதுதானே? வெறும் மருத்துவப் பணிக்கு என்றால், சம்பளம் கொடுக்கும் மருத்துவமனைகள் எத்தனையோ இருக்கின்றன.

மலைப்பாதை

நேபாளத்திலிருந்து எழுதுகிறேன். விதைப்பவரின் கேள்வி எங்களுக்குச் சட்டத்தின் வடிவிலேயே வந்து நின்றது.

நேபாள ஐக்கிய மிஷன் 1954இல் தொடங்கியபோதே, மருத்துவமும் கல்வியும் செய்யலாம், மதம் மாற்றும் வேலை கூடாது என்ற நிபந்தனையோடுதான் அரசு அனுமதி கொடுத்தது. தான்சேன் மருத்துவமனை அந்த ஒப்பந்தத்தின் கீழ் வளர்ந்தது. 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றவாளி வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவார்.

இந்தச் சட்டம் நியாயமானது என்று நான் வாதிடவில்லை. மனச்சாட்சியின் சுதந்திரத்துக்கு அது விரோதமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் கீழ் வாழ்ந்தபோது ஒன்றைக் கண்டேன். நாங்கள் பேசவில்லை; மக்கள் கேட்டார்கள். இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள், இரவில் கூப்பிட்டாலும் ஏன் முகம் சுளிப்பதில்லை, தாழ்ந்த சாதி என்று ஊரார் ஒதுக்கும் பெண்ணின் புண்ணை ஏன் உங்கள் கையாலேயே கழுவுகிறீர்கள் என்று கேட்டார்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுருவின் நிருபத்தில் உள்ள அறிவுரை, கேட்கிறவர் ஒருவர் இருப்பதை முன்வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. 1951க்கு முன் அந்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய இல்லை. 2021 கணக்கெடுப்பில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். இதில் வெளிநாட்டு மருத்துவர்களுக்கு உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. பேசியவர்கள் நேபாளிகள், சிறைக்குப் போனவர்களும் அவர்களே. நாங்கள் பேசியிருந்தால் ஆபத்து எங்களுக்கு வந்திருக்காது, எங்களோடு வேலை செய்த உள்ளூர்ச் செவிலியருக்கும் அவருடைய சபைக்கும்தான் வந்திருக்கும். எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு விமானம் இருந்தது.

கென்யாவில் இப்படிப்பட்ட தடை இல்லை. அதனாலேயே அங்கே உங்களைக் கட்டுப்படுத்துவதற்கு உங்கள் மனச்சாட்சியைத் தவிர வேறொன்றும் இருக்காது. அது எளிதான நிலை என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய ஸ்டெத்

கேள்விக்குறியின் தந்தை சொன்னதை இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அறுவைச் சிகிச்சைக்கு முன் ஜெபிப்பது எங்கள் மருத்துவமனையிலும் வழக்கம்தான்; நானும் செய்திருக்கிறேன். அந்த நாட்டில் மருத்துவர் ஜெபிக்காவிட்டால்தான் பலர் பதற்றமடைவார்கள். முஸ்லிம் நோயாளிகளிலும் பலர் விரும்பியே கேட்டுக்கொள்வார்கள். ஆனால் பலர் விரும்புகிறார்கள் என்பது, விரும்பாத ஒருவருக்கு விடையாகாது.

ஜெபிக்கலாமா என்ற கேள்வியைக் கத்தி பிடிப்பவரோ ஊசி போடுபவரோ கேட்கக் கூடாது என்பதே இப்போது என் நிலைப்பாடு. அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்கும் வேளையில், மயக்க மருந்துக்கு முன், வலி அடங்காத நிலையில் அந்தக் கேள்வியே எழக் கூடாது. சேர்க்கையின்போது சமூகப் பணியாளர் எல்லாரிடமும் ஒரே மாதிரியாக, “சிற்றாலயப் போதகர் உங்களை வந்து பார்க்க விரும்புகிறீர்களா, உங்கள் சமயத்தைச் சேர்ந்த வேறு யாரையாவது அழைக்கட்டுமா, யாரும் வர வேண்டாமா?” என்று கேட்டு, பதிலைக் குறித்து வைக்கலாம். மூன்றாவது பதிலும் முதல் இரண்டைப் போலச் சாதாரணமானது என்று நோயாளிக்குத் தெரியும்படி கேட்பதில்தான் திறமை இருக்கிறது. நோயாளியின் உரிமைகளைப் பற்றி உலக மருத்துவச் சங்கம் 1981இல் லிஸ்பனில் வெளியிட்ட பிரகடனத்தில், ஆன்மிக ஆறுதலைப் பெறும் உரிமையும் மறுக்கும் உரிமையும் ஒரே வாக்கியத்தில் அருகருகே இருக்கின்றன. கென்ய அரசியலமைப்பின் 32ஆம் பிரிவும், சமய நம்பிக்கையைக் காரணம் காட்டி எந்த நிறுவனத்திலும் ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்கிறது.

விதைப்பவருக்கு ஒரு வார்த்தை. பயத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. கேளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு நோயாளி சொல்லும் பதிலை முழுவதும் கேட்டு முடியுங்கள். பலர் ‘பயமாக இருக்கிறது’ என்ற சொல் வந்ததும் அடுத்த வாக்கியத்தில் வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள்; அப்படிச் சொன்ன பெண்ணுக்கு இருந்த பயம் சாவைப் பற்றியதாக இராது, வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தைக்கு யார் பால் கொடுப்பார்கள் என்பதாக இருக்கும். பத்துக் குஷ்டரோகிகளும் சுத்தமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேரிடமிருந்து சுகம் திரும்பப் பெறப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. அந்த ஒன்பது பேருக்கான வார்டையும் நாம்தான் நடத்த வேண்டும்.

(இடையில் ஒரு செய்தி: இறையியலாளரும் மருத்துவருமான ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913இல் ஆப்பிரிக்காவின் காபோனில் உள்ள லம்பரேனேக்குப் போனபோது, அவருடைய இறையியலில் ஐயம் கொண்டிருந்த பாரிஸ் மிஷன், பிரசங்கம் செய்வதில்லை, மருத்துவம் மட்டுமே என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவரை ஏற்றுக்கொண்டது. களத்தில் இருந்த மிஷனரிகள் சிறிது காலத்திலேயே அந்தக் கட்டைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை.)

குழுச் செயலாளர்

எங்கள் சபையின் மிஷன் குழுவில் நெடுங்காலம் இருப்பவன் நான். ஊழியர்கள் அனுப்பும் ஜெபக் கடிதங்களைப் படித்து, நகலெடுத்து, தாங்குவோருக்கு அனுப்புவது என் வேலை. ஆகவே இந்த இழையில் இதுவரை யாரும் பேசாத பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கட்டிலருகே நடக்கும் தவறுகளில் கணிசமான பகுதி எங்களைப் போன்ற குழுக்களின் மேசையில்தான் தொடங்குகிறது. பணம் கொடுப்பவர்கள் பலனை அறிய விரும்புகிறார்கள்; அது இயல்பு. ஆனால் பலனை எண்ணிக்கையாகக் கேட்டவுடன், ஊழியர் தன்னையறியாமலே எண்ணத் தொடங்கிவிடுகிறார். எண்ணத் தொடங்கியவருக்கு, ஒவ்வொரு நோயாளியும் அடுத்த கடிதத்துக்கான ஒரு வரியாகத் தெரியத் தொடங்குவார். அப்படி வந்த கடிதங்களை நான் படித்திருக்கிறேன். ஒரு பெண்ணின் நோய், அவளுடைய கணவன் குடிப்பது, அவள் ஜெபித்தபோது அழுதது எல்லாம், முகம் தெளிவாகத் தெரியும் படத்தோடு நூறு வீடுகளுக்குப் போகும். அவளிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தாலும், அந்தக் கடிதம் எத்தனை கைகள் மாறும் என்பது அவளுக்குப் புரிந்திருக்குமா?

கென்யாவின் 2019ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நிலை பற்றிய செய்தியையும் அவருடைய நம்பிக்கை பற்றிய செய்தியையும் நுண்ணுணர்வுத் தரவு என்றே வகைப்படுத்துகிறது. மனமாற்றக் கதையோடு வரும் ஒரு நோயாளியின் படத்தில் இரண்டுமே இருக்கின்றன. நீங்கள் புறப்படுவதற்கு முன்பே உங்கள் குழுவோடு உட்கார்ந்து, எண்ணிக்கை அனுப்ப மாட்டேன், நோயாளிகளின் படமும் அடையாளமும் அனுப்ப மாட்டேன் என்று எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அப்படியானால் எதை எழுதுவது என்று கேட்பார்கள். வேலையைப் பற்றி எழுதுங்கள்: ஆக்சிஜன் தீர்ந்துபோன இரவு, கூட வேலை செய்யும் கென்யச் செவிலியரிடம் நீங்கள் கற்றது, உங்கள் தனிமை, உங்கள் சந்தேகங்கள். அந்த நோயாளியே கையில் வாங்கிப் படித்தாலும் வெட்கப்படத் தேவையில்லாத கடிதமாக இருக்க வேண்டும். இதைக் கேட்டுச் சில குடும்பங்கள் தாங்குவதை நிறுத்தலாம். நிறுத்தட்டும்.

உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் 2011இல் சேர்ந்து வெளியிட்ட சாட்சி நெறிகளை உங்கள் குழுவினருக்குப் படித்துக் காட்டலாம். வேறு விஷயங்களில் ஒத்துப்போகாத இந்த மூவரும், குணமாக்கும் ஊழியத்தில் மக்களின் பலவீன நிலையைச் சுரண்டக் கூடாது என்பதிலும், மத மாற்றம் போன்ற பெரிய முடிவுக்குப் போதிய காலமும் சிந்தனையும் தேவை என்பதிலும் ஒரே குரலில் பேசியிருக்கிறார்கள். விதைப்பவரும் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

விதைப்பவர்

அந்த நெறிகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆவணம், சாட்சி பகிர்வதை ஒவ்வொரு கிறிஸ்தவனுக்கும் உரிய பேறாகவும் மகிழ்ச்சியாகவும்தான் சொல்கிறது. தவிர்க்க வேண்டிய சங்கடமாகச் சொல்லவில்லை. நெறிகளைப் பேசிப் பேசி, கடைசியில் வாய் திறக்கவே அஞ்சும் ஊழியர்களை உருவாக்கிவிடாதீர்கள். எண்ணிக்கையைப் பற்றிச் செயலாளர் ஐயா எழுதியது எனக்கு உறைத்தது, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

கேள்விக்குறி

பழைய ஸ்டெத் எழுதியதைப் படித்தேன். சேர்க்கையின்போது கேட்கும் முறை நல்லதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது: பணம். மிஷன் மருத்துவமனைகளும் கட்டணம் வாங்குகின்றன. கட்ட முடியாதவர்களுக்குத் தள்ளுபடியும் தருகின்றன. அந்தத் தள்ளுபடியை முடிவு செய்வது யார்? சிற்றாலயப் போதகரா?

பழைய ஸ்டெத்

நான் பணியாற்றிய இடத்தில் அப்படித்தான் இருந்தது. கெட்ட எண்ணத்தால் அல்ல. குடும்பத்தின் நிலைமை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால், தள்ளுபடிக் குழுவில் போதகரும் உட்கார்ந்திருந்தார். பில்லைக் கட்ட முடியாமல், குணமான பிறகும் வார்டிலேயே காத்திருக்கும் ஒருவரிடம் அதே போதகர் வேதாகமத்தோடு வந்து உட்கார்ந்தால், அவர் பேசுவது எதுவாக இருந்தாலும் அந்த மனிதர் காதில் பில்தான் ஒலிக்கும். பின்னர் அந்த ஏற்பாடு மாற்றப்பட்டது. சமூகப் பணியாளரும் கணக்கரும் மட்டும் குழுவில் இருந்தார்கள். அதன் பிறகு போதகரைத் தேடி வந்தவர்கள் குறைந்தார்கள் என்பது உண்மை. அப்படி வந்தவர்கள் நீண்ட நேரம் உட்கார்ந்து பேசினார்கள் என்பதும் உண்மை.

சகோதரி, நீங்கள் போகுமிடத்தில் இதை முதல் வாரத்திலேயே விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். மாற்றச் சொல்லி முதல் வாரத்திலேயே வாதாட வேண்டாம்.

வார்டு விளக்கு

எல்லாருக்கும் நன்றி. இத்தனை விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. சபையோடு பேசுவதற்கு இப்போது என்னிடம் தெளிவான சொற்கள் இருக்கின்றன.

ஆனால் இந்த ஒழுங்கெல்லாம் பகலில் நடக்கும். இரவுப் பணியில் வார்டு முழுவதுக்கும் நான் ஒருத்திதான் இருப்பேன். போதகர் வீட்டில் இருப்பார். மொழிபெயர்க்க ஒருவர் இருந்தால் பெரிது. ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார், உறவினர் யாரும் இல்லை. அப்போது என்ன செய்வது? அவர் என்ன சமயத்தவர் என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வழித்துணை

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் சிற்றாலயப் போதகராக இருக்கிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கேள்விக்காக எழுதுகிறேன்.

சமயம் எது என்பது மருத்துவக் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பகலிலேயே கேட்டுக் குறித்து வையுங்கள். இரவில் எழும் பல சிக்கல்கள் பகலில் கேட்காமல் விட்ட கேள்விகளிலிருந்து வருபவை. முஸ்லிம் நோயாளி என்றால், நிலை மோசமாகும்போது யாரை அழைக்க வேண்டும் என்ற தொலைபேசி எண் இருக்கட்டும். பக்கத்துப் பள்ளிவாசலின் இமாமுடைய எண்ணும் வார்டு மேசையில் இருக்கட்டும். குடும்பத்தார் விரும்பினால் கட்டிலைக் கிப்லாவின் (முஸ்லிம்கள் தொழும் திசையின்) பக்கம் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் கலிமா சொல்லும்போது திரையை இழுத்துவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள். இதனால் உங்கள் விசுவாசத்துக்கு ஒரு குறைவும் வராது.

நினைவிழந்த ஒருவர்மேல், அவர் கேட்டிராத ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். உங்கள் உள்ளத்தில் ஜெபிப்பதை யாரும் தடுக்க முடியாது. அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. சத்தமாகச் சொல்லும் ஜெபம் கேட்பவருக்கானது. கேட்பவர் விரும்புகிறாரா என்று தெரியாதபோது, வாயை நனைத்துக் கொடுங்கள், தலையணையைச் சரிசெய்யுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பெயரைச் சொல்லி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். மற்ற நோயாளிகள் இருபது பேர் காத்திருக்கும்போது அதற்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். பல இரவுகளில் இருக்காது. நடக்க முடிகிற பக்கத்துக் கட்டில் நோயாளி வந்து உட்காருவார். ஆப்பிரிக்க வார்டுகளில் அதைக் கேட்கக்கூடத் தேவையிருக்காது.

விசுவாசியாக இருப்பவர் ஜெபிக்கச் சொன்னால் தயங்காமல் ஜெபியுங்கள், அவருக்குத் தெரிந்த மொழியில், சுருக்கமாக. ‘விசுவாசம் இருந்தால் பிழைப்பீர்கள்’ என்று எந்தச் சூழலிலும் சொல்லாதீர்கள். அற்புத சுகம் தருவதாகச் சொல்லும் பிரசங்கிகள் அந்தப் பகுதிகளிலும் உண்டு. எச்ஐவி மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பச் சொன்னதால் நிலை கெட்டு வருபவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அப்படி வருபவரிடம் ஒரு மிஷன் மருத்துவமனைச் செவிலியர், “நானும் ஜெபிக்கிறவள்தான், மாத்திரையை நிறுத்தாதீர்கள்” என்று சொல்வதற்கு வேறு யாருக்கும் இல்லாத கனம் இருக்கிறது. உங்கள் விசுவாசத்தை வெளிப்படையாகப் பேச வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், என் பார்வையில் அதுதான் முதல் இடம்.

தென்வெக்கின் வாசகம் ‘நாங்கள் சிகிச்சை அளிக்கிறோம், இயேசு குணமாக்குகிறார்’ என்பது. அழகான வாசகம்தான், நான் அதை மதிக்கிறேன். ஆனால் குழந்தையை இழந்த தாய் அந்தப் பலகையின் கீழே நடந்து வெளியே போகிறாள் என்பதையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவளோடு வாசல்வரை நடந்து போங்கள். அந்த நேரத்தில் எதையும் விளக்க முயல வேண்டாம்.

விதைப்பவர்

போதகர் அம்மாவுக்கு நன்றி. மாத்திரையைப் பற்றி எழுதியதை எங்கள் ஜெபக் கூட்டத்தில் வாசிக்க அனுமதி உண்டா?

வழித்துணை

தாராளமாக. நோயாளிகளைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

மலைப்பாதை

உங்கள் சொந்த உடல்நலத்தைப் பற்றி யாரும் எழுதாததால் ஒரு குறிப்பு. ஊசி குத்திவிட்டால், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானவரை உடனே தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும். அந்த மருந்து இரவு நேரத்தில் யாரிடம், எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பணியில் சேரும் முதல் நாளே கேட்டு வையுங்கள். ஊழியத்துக்கு வந்தவர்கள் தங்களைப் பற்றிக் கேட்கத் தயங்குவார்கள். தயங்காதீர்கள்.

வார்டு விளக்கு

குறித்துக்கொண்டேன். சபைக் குழுவோடு வரும் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். செயலாளர் ஐயா எழுதியதை அச்சிட்டு எடுத்துப் போகிறேன். மருத்துவமனைக்கும் மூன்று கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறேன்: சேர்க்கையின்போது நோயாளியின் சமய விருப்பத்தைக் கேட்டுப் பதிவு செய்கிறீர்களா, கட்டணத் தள்ளுபடியை முடிவு செய்வது யார், வார்டு ஆராதனையின்போது அதில் பங்கெடுக்க விரும்பாத நோயாளி எங்கே இருப்பார். மூன்றாவது கேள்வி எழுதும்போதுதான் தோன்றியது. எலும்பு முறிந்து எடை கட்டிப் படுத்திருப்பவரால் எழுந்து வெளியே போக முடியாதே.

இன்னொரு நடைமுறைக் கேள்வி. பணி அனுமதியைச் சமய, அறப் பணிகளுக்கான பிரிவில் மருத்துவமனையே விண்ணப்பிக்கும் என்கிறார்கள். கென்ய நர்சிங் கவுன்சில் பதிவை நானே செய்ய வேண்டுமா?

பழைய ஸ்டெத்

மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. என்ன பதில் வருகிறது என்று இங்கே எழுதுங்கள். பணி அனுமதி வேறு, கவுன்சில் பதிவு வேறு. பதிவுக்கான படிவங்களை மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு அனுப்பித் தரும். ஆனால் உங்கள் பட்டயச் சான்றும், நீங்கள் இப்போது பதிவு செய்திருக்கும் கவுன்சிலிலிருந்து நன்னடத்தைச் சான்றும் நீங்கள்தான் வாங்க வேண்டும். அந்தச் சான்றுக்கு எங்கேயும் காலம் பிடிக்கும். பயணச்சீட்டு எடுக்கும் முன் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.